கேன்சர் இல்லை, ஆறு மாதம் கழித்து வரவும்

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டருக்கு எல்லாக் கேள்வியும் வரும், பதில் மட்டும் டாக்டர் ரூமிலேயே தங்கிவிடும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒன்பது வருடமாக அந்த நாற்காலி என்னுடையது. எவரோ எழுதியதற்கு நீங்களும் எங்காவது உட்கார்ந்து திட்டு வாங்கியிருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

இருக்குதா, இல்லையா?

எங்களிடம் ஸ்கேனுக்கு வருகிற அமலி அக்காவுக்கு வயிற்றுக்குள் சின்னதும் பெரியதுமாக ஏழெட்டுக் கட்டிகள். பாண்டிச்சேரியில் எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டை எங்கள் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். கேன்சர் இல்லை. கர்ப்பப்பையில் வருகிற மாதிரிச் சாதாரணத் தசைக் கட்டிதான். அது வயிற்றுச் சவ்வில் சிதறி வளர்வது ரொம்ப அபூர்வம். எப்போதாவது யாருக்காவது கேன்சராக மாறலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே தலையாட்டிவிட்டு அக்கா வீட்டுக்காரர் சூசை அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"இருக்குதுன்னா வைத்தியம் பாரு, இல்லன்னா வூட்டுக்கு அனுப்பு. இல்லாததை வந்து வந்து பாக்கச் சொன்னா இன்னாம்மா அர்த்தம்?"

இடித்த வீடு

அடுத்த வாரம் அக்காவின் நாத்தனார் வந்தார், சண்டைக்குத் தயாராக. கட்டி இருக்கிறதென்று அக்காவின் கர்ப்பப்பையையே எடுத்து நாலு வருடம் ஆகிறது. அப்போது கட்டியை உள்ளேயே துண்டாக்கி எடுத்ததில் துளித்துளியாகத் தங்கி வளர்ந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். எனக்கே அதில் பாதிதான் புரிந்திருந்தது. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்டையே இடிச்சாச்சு, குடியிருந்தவன் மட்டும் எங்கம்மா தங்கியிருக்கான்?"

நன்றிப் பூசை

சூசை அண்ணன் 'கேன்சர் இல்லை' என்பது வரைக்கும் எடுத்துக்கொண்டு, ஊர் மாதா கோயிலில் நன்றிப் பூசை கொடுத்துவிட்டார். பங்குச் சாமியார் அக்கா பெயரைச் சொல்லி அறிவித்தாராம், ஊரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுததாம். இனி ஸ்கேனுக்கு வந்தால் ஊர் என்ன பேசும்?

ஆறு மாதம் முடிந்தது, அக்கா வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. டாக்டர் சொன்ன 'மாறலாம்' என்ற வார்த்தை மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் போன் செய்தேன். எடுத்தவர் அண்ணன்.

"ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு, பின்னாலயே போய் சரியா இருக்குதான்னு செக் பண்ணச் சொல்றியா?"

கூட்டத்தோடு கூட்டமாக

ஒன்றரை மாதம் கழித்து ஒரு அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் விடும் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்திலிருந்து பிதுங்கி, அக்கா தனியாக உள்ளே வந்தார். அந்த நெரிசலில் ஊர்க்காரர் கண்ணில் படமாட்டோம் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார். ஸ்கேனில் எல்லாக் கட்டிகளும் அப்படியே இருந்தன, ஒன்றைத் தவிர. அது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, மூன்று மாதத்தில் மறுபடி பார்த்துவிட்டு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்றார் டாக்டர்.

"வளந்தா மாறிடுச்சுன்னு அர்த்தமா?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன். மூன்று மாதம் கழித்து ஒரு தேதி போட்டு நான் நீட்டிய சீட்டை அக்கா திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"தேதியை அமாவாசையா பாத்து எழுதிக் குடும்மா, வந்துடறேன்."

இத்தனை ரிப்போர்ட் கொடுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே மருத்துவம், காலண்டரைப் புரட்டி அமாவாசை என்றைக்கு என்று கண்டுபிடிப்பதுதான்.