அருவிக்கு ஒரு நிதி விண்ணப்பம்

கம்பெனிகள் ஊருக்கு நல்லது செய்ய நினைத்தால், எது நல்லது என்று ஊரைக் கேட்டு எழுதிவர ஓர் ஆள் வேண்டும். தென்காசி வட்டாரத்தில் அந்த ஆள் நான். நாளிதழ் நிருபராக இருந்து ஓய்வு பெற்றதும், ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதிக்குக் களப்பணியாளர் ஆனேன். விபத்தும் தேர்தலும் எழுதி எழுதிக் கண் காய்ந்தவனுக்கு இதில் என்ன அதிசயம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். படிவமும் கையுமாக அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கடைசிக் கட்டம்

வடகரையில் ஜொஹரா என்று ஒரு பெண். வயது நாற்பதை ஒட்டி. சிறுவயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களும் நடக்க உதவாது. கையால் சுற்றும் மெஷினில் ஜாக்கெட் தைக்கிறார். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு என்ன தேவை என்று கேட்டுவரப் போயிருந்தேன். மோட்டார் மெஷின், சக்கர நாற்காலி, மருத்துவ முகாம் என்று படிவத்தில் இருந்ததை வாசித்தேன். அதெல்லாம் இருப்பதே போதும் என்றார். வேறென்ன வேண்டும் என்றதற்கு, குற்றாலத்தில் ஒரு தடவை குளிக்க வேண்டும் என்றார்.

அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றேன். கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருப்பதை அவரே விரல் வைத்துக் காட்டினார். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறீர்கள், ஒரு தடவைகூடவா போகவில்லை என்று கேட்டுத் தொலைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: “வருசா வருசம் சாரல் எங்க வாசலுக்கு வருது அண்ணாச்சி. நான்தான் பதிலுக்குப் போனதில்ல.”

எதில் சேர்ப்பது

சென்னைத் தலைமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர் திவ்யா. கெட்டிக்காரப் பெண். இதைச் ‘சமூக நலன்’ என்ற தலைப்பில் சேர்ப்பதா, ‘பன்முகத்தன்மை’ என்பதில் சேர்ப்பதா என்று போனில் கேட்டார். எதில் இடமிருக்கிறதோ அதில் போடுங்கள் என்றேன். ஜொஹராவும் அவருடைய மாற்றுத்திறனாளிகள் சங்கத்துப் பெண்கள் ஆறு பேரும் என்று எழுதியாயிற்று. ‘பயனாளிகளின் வாழ்வில் ஏற்படப்போகும் மாற்றம்’ என்ற கேள்வியில்தான் பேனா நின்றது. நடந்ததை எழுதித்தான் எனக்குப் பழக்கம். நடக்கப்போவதை எழுதி இல்லை. கடைசியில் ‘தலை நனையும்’ என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் திவ்யா கூப்பிட்டார்: “சார், கமிட்டியில யாருமே கேள்வி கேக்கல. அவங்கவங்க கடைசியா எப்போ குற்றாலம் போனோம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க.”

எட்டு மாப்பிள்ளைகள்

ஆடி மாதத்தில் ஒரு காலை. வேன் வந்தது. தண்ணீரில் வைக்கத் தோதான பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தூக்கிச் செல்லக் கம்பெனியிலிருந்து எட்டு இளைஞர்கள், ஒரே நிறப் பனியனில். வேன் நிறுத்திய இடத்தில் என்னை உட்காரவைத்துத் தூக்கி ஒத்திகைகூடப் பார்த்தார்கள்.

மெயின் அருவியில் பெண்கள் பக்கத்துத் தடுப்புக் கம்பியை நெருங்கியதும் பெண் போலீஸ் ஒருவர் விசில் ஊதினார். ஆண்கள் அதற்குமேல் போகக் கூடாது. எத்தனையோ சீசன் செய்தி எழுதியவன் நான்; அங்கே பெண்கள் தனியாகக் குளிப்பார்கள் என்பது திட்டம் போட்ட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும். மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஜொஹரா வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அவரோ எட்டுப் பேரையும் மேலும் கீழும் பார்த்தார். “இவ்வளவு மாப்பிள்ளைமாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே அண்ணாச்சி, நாங்க குளிக்க வந்தமா, நிக்காவுக்கு வந்தமா?”

கம்பிக்கு அந்தப் பக்கம்

பெண் போலீஸ் அருவிப் பக்கம் திரும்பி ஏதோ சத்தம் போட்டார். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையில் வழியும் எண்ணெயோடும் தண்ணீரோடும் வந்தார்கள். பேச்சைக் கேட்டால் சிலர் மலையாளம், சிலர் மதுரைப் பக்கம். யாருக்கும் யாரையும் தெரியாது. இரண்டு வரிசையாக நின்றார்கள். ஜொஹராவின் நாற்காலி கைமாறிக் கைமாறிப் போனது. அருவி வரைக்கும் அது தரையைத் தொடவே இல்லை. அடுத்தடுத்து மற்ற ஆறு நாற்காலிகளும் அப்படியே போயின. பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும், அவற்றுக்குமேல் விழுந்த வெள்ளைத் தண்ணீரும்தான். பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்தவன் ஒரு வரியும் எழுதவில்லை.

திரும்பி வரும்போது ஜொஹராவுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது, பல் தந்தியடித்தது. எப்படி இருந்தது என்று நிருபர்கள் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தலையில அடிச்ச அதே அடிதான் அண்ணாச்சி, கால்லயும் அடிச்சுது. நடக்காத காலுன்னு ஒரு இரக்கமும் பாக்கல.”

அனுப்பிய படம்

தலைமை அலுவலகத்துக்கு அறிக்கையோடு படம் போக வேண்டும். பெண்கள் குளிக்கும் இடத்தில் யார் படம் எடுப்பது? என் போனில் இருந்தது ஒன்றே ஒன்று: ஒரு சொட்டுத் தண்ணீர் படாத எட்டு இளைஞர்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்தபடி. அதையே அனுப்பினேன். சற்று நேரத்தில் திவ்யா கூப்பிட்டார்: “சார், இந்த எட்டுப் பேரு முகத்தைப் பாத்தா, பயனாளிங்க இவங்கதான்னு தோணுது.”

கொடுக்கிற வேலைக்கு வந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், கம்பிக்கு இந்தப் பக்கம் சும்மா நின்றதுதான்.