டிக்கியில் இரண்டு டயர்

ஓர்ஸ் ஹில்லில் இருந்து புல்மோட்டைக்கு வேலை விசயமாகக் கிழமைக்கு ஒருக்கா என் காரில்தான் போய் வருவேன். வரும்போது கருவாடு வாங்குவேன். பெட்டி வைக்க இடம் காணாது என்று டிக்கியில் கிடந்த ஸ்பெயார் டயரைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டேன்.

ஒருநாள் போகும்போது குச்சவெளி தாண்டி டயர் வெடித்தது. எதிரே வந்த காரை மறித்தேன். அதுவும் என்னுடையதைப் போன்ற கார்தான். இறங்கி வந்த முஸ்லிம் நானா தன் ஸ்பெயார் டயரையே எடுத்துப் பூட்டித் தந்தார்.

"நாங்க மூதூருக்குப் போறம். அடுத்தமுறை வரக்குள்ள புல்மோட்டை வீட்ட தாங்க, தம்பி."

முன்சீட்டில் அவருடைய மனைவி முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. புல்மோட்டையில் வேலைக் கூட்டத்துக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை டயரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேத்தண்ணி தந்த நானாவின் மனைவிதான் சொன்னார்.

"கிண்ணியா தாண்டி எங்கட டயரும் போயிட்டு. வேற வண்டி புடிச்சுப் போய்ச் சேரக்குள்ள இவர்ட உம்மாவ அடக்கிட்டாங்க. முகம் பார்க்கக் கிடைக்கல்ல."

"சும்மா இரிங்க," என்றார் நானா. "அது அல்லாஹ்ட நாட்டம். தம்பி, தேத்தண்ணி ஆறுது."

இப்போது டிக்கியில் இரண்டு ஸ்பெயார் டயர் கிடக்கிறது. காற்றுப் பார்க்காமல் காரை எடுப்பதில்லை. கருவாடு வாங்குவதையும் விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அந்தக் கண்ணீரைப் பற்றிக் கேட்டால் டயரை வாங்க ஏலாமல் போகும் என்று தெரிந்துதான் நான் கேட்காமல் விட்டேனோ?