பின்பாரம்

தீவன மூட்டை இரண்டையும் கார் டிக்கிக்குள் உருட்டிவிட்டு, பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே வரும்படி ஷிஹோ முழங்காலால் நெட்டித் தள்ளுகிறாள். பிறகு காரின் பின்புறத்தை இரண்டு கையாலும் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறாள். இன்னும் விடியவில்லை. விடுகிற மூச்சு புருவத்தில் வெள்ளையாகப் படிகிற குளிர்.

"ம், குந்திடுச்சு," என்கிறாள். கார் சரியாகக் கனத்துவிட்டது என்று பொருள்.

அவளுடைய அண்ணன் யசுனோரி இதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பான். பள்ளிப் படிப்போடு நின்றவன்; பெக்காய் வட்டாரத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். மூட்டைகள் ஒரு விரல்கடை விலகியிருந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து, நேராக்கிவிட்டுத்தான் காபி குடிப்பான். பனி கொட்டிய நாட்களில் மட்டும் அது முடியாது. தங்கைக்கு முன்பே அவன் சாலையில் இருக்க வேண்டும்.

ஷிஹோ பால் கறப்பவள். சொந்தமாக ஒரு மாடும் கிடையாது. மாடு வைத்திருப்பவர்களுக்கு ஞாயிறு, பண்டிகை எதுவும் இல்லாததால், அவர்கள் வெளியே போகிற நாளில் இவள் போய்த் தொழுவத்தைப் பார்த்துக்கொள்வாள். வட்டாரம் முழுக்க இருக்கும் பசுக்களுக்கு அவளுடைய கை தெரியும். முதலாளியையே உதைக்கும் பசுகூட இவளிடம் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் என்று யசுனோரி சொல்வான். அவன் நேரில் பார்த்ததில்லை.

ஊர் வாய்க்கு அவல் அவளுடைய கார்தான். மஞ்சள் நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. பந்தயத்துக்குப் போகவேண்டிய ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கரம் இரண்டும் தள்ளினால்தான் ஓடும். மற்றவர்கள் எல்லோரும் நாலு சக்கரமும் இழுக்கிற உயரமான வண்டி வைத்திருக்கும் ஊரில், ஷிஹோ மட்டும் குளிர்காலம் முழுக்க இதில்தான் போய் வருகிறாள்.

"இது காரா, யாராவது கழட்டி விட்ட செருப்பா?" என்று கேட்பார் மேட்டுப் பண்ணை ஒனோதெரா.

"உங்க காலுக்குப் பத்தாது மாமா," என்று சொல்லிக்கொண்டே கறவை வாளியைத் தூக்குவாள்.

நல்ல வண்டியாகப் பார்த்து மாற்றினால் என்ன என்று அண்ணனும் கேட்டிருக்கிறான். "நாலு சக்கர இழுவையில தரை எப்படி இருக்குன்னு நமக்குத் தெரியறதே இல்லண்ணா. இது ஒவ்வொரு வளைவுலயும் சொல்லிடும், வழுக்குது பாத்துக்கன்னு. அதைக் கேட்டா போதும்." வால் வலப்புறம் போனால் ஸ்டியரிங்கையும் வலப்புறம் கொடுப்பாள். பிரேக்கைத் தொடமாட்டாள். "விடு, விடு, விடு" என்று, மிரண்ட மாட்டிடம் பேசுவது போல மெல்லச் சொல்வாள். கார் நேராகிவிடும்.

பள்ளத்தில் மூக்கைச் செருகிக் கிடக்கும் வண்டிகளைக் காலையில் முதலில் பார்ப்பது யசுனோரிதான். "இன்னிக்கும் மஞ்சள் கிடையாது," என்று மதியச் சாப்பாட்டில் மற்ற ஓட்டுநர்களிடம் சொல்வான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போன பிப்ரவரியில் ஒருநாள் மஞ்சள் கிடந்தது.

அன்று ஒனோதெராவின் மகளுக்கு, இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள குஷிரோ நகரத்தில் கல்யாணம். முற்பகல் சடங்கு. முதல்நாள் முழுக்கப் பனிப்புயல். விடியும்போது யசுனோரி பிரதான சாலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். பண்ணைக்கு ஏறும் ஒற்றைப் பாதையில், பனி வண்டியின் இழுகயிறு எட்டாத உயரத்தில், அவளுடைய கார் குறுக்கே நின்றது. மூக்கு ஒரு பக்கப் பனிச்சுவரிலும் வால் மறுபக்கத்திலும் முட்டியிருந்தன. சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி பறித்திருந்தது. மேலே போய்க் கறக்க அவளுக்குக் கால் இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டார் கீழே இறங்க அது ஒன்றே வழி. அதைத்தான் அடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மண்வெட்டியோடு ஏறிப் போனான். டிக்கி காலியாக இருந்தது.

"மூட்டை எங்க?"

"நேத்து சசாகி வீட்டுக்குத் தீவன லாரி வரல. கன்னுக்குட்டிங்க கத்திட்டே இருந்துச்சு. இறக்கிக் குடுத்துட்டேன்."

"குடுத்தது சரி. வேற ஏத்தணும்னு தோணலையா?"

"மறந்துட்டேண்ணா. திட்டறதை அப்புறமா திட்டு." அவள் மேலே பண்ணை வீட்டைப் பார்த்தாள். "பெத்தவங்க இல்லாம அந்தப் பொண்ணு நிக்கப் போகுது. என்னால."

பனி தள்ளும் வண்டி தனியார் பாதைக்குள் நுழையக் கூடாது என்பது விதி. அவன் திரும்பி வண்டியைப் பார்த்தான். அவன் பார்வையைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "வேணாம். உன் வேலை போயிடும். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வேற நீ ரோட்டைத் தள்ளணும்."

மேலேயிருந்து ஒனோதெரா வந்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்கான கறுப்புக் கோட்டு, கீழே தொழுவத்து ரப்பர் பூட்ஸ். பின்னாலேயே அவர் மனைவி ஃபுமிகோ, மணப்பெண்ணின் தாய் உடுத்தும் கறுப்புக் கிமோனோ இருந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"காரை இழுக்கலாம்னா டீசல் உறைஞ்சு போச்சு, டிராக்டர் எழுந்திருக்கல," என்றார் அவர். "பொண்ணே, என் மகள் கல்யாணத்தன்னிக்குத்தான் உன் செருப்பு குறுக்க விழணுமா?"

யசுனோரிதான் முந்திக்கொண்டு சொன்னான்: "பின்பாரம் இல்ல. அதான் ஏறல."

ஃபுமிகோ காரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "ஏறுங்க," என்றாள்.

"எங்க?"

"டிக்கியில. இத்தனை வருஷம் சாப்பிட்டது இதுக்காவது ஆகட்டும்."

சொல்லிவிட்டு முன்சீட்டை மடித்துக் குறுகலான பின்சீட்டில் நுழைந்தாள். முழங்கால் முகவாயைத் தொட்டது. பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். ஒனோதெரா முணுமுணுத்தபடி டிக்கியில் ஏறிக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கார் குந்தியது. யசுனோரி சக்கரத்தடியில் இருந்த பனிக்கட்டியை வெட்டி எறிந்து, காரின் மூக்கைத் தோளால் முட்டித் திருப்பினான்.

"மாமா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க. பேசாதீங்க."

"பேசலன்னா நான் இருக்கேனா விழுந்துட்டேனான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாவது கியர். எஞ்சின் சத்தமே ஏறவில்லை. சக்கரம் அரைச் சுற்று வழுக்கி, பிடித்து, மறுபடி வழுக்கியது. வால் இடப்புறம் ஆடியது; ஸ்டியரிங் இடப்புறம் திரும்பியது. கார் நின்றுவிட்டது போல் ஒரு கணம் தயங்கியது. யசுனோரி மண்வெட்டியின் பிடியை நெரித்துக்கொண்டு நின்றான். "விடு, விடு, விடு." அவன் வாயிலிருந்துதான் வந்தது. பிறகு ஒனோதெராவின் ரப்பர் பூட்ஸ் இரண்டும் மெல்ல மெல்ல அவனை விட்டு விலகி மேலே போயின.

அவன் வண்டிக்குத் திரும்பவில்லை. ஷிஹோ மேலே போய்ப் பாதையை விட்டு ஓரமாகக் காரை நிறுத்தியதையும், தலைத்துணியைக் கட்டிக்கொண்டே தொழுவத்துக்குள் ஓடியதையும் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் கறவை இயந்திரத்தின் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மண்வெட்டியைத் தோளில் போட்டான்.

மேலே, குஷிரோவுக்குக் கிளம்பத் தயாராக நின்ற தங்கள் உயரமான வண்டிக்குப் பக்கத்தில், ஒனோதெரா டிக்கியிலிருந்து இறங்கியிருந்தார். கறுப்புக் கோட்டின் பின்பக்கம் முழுக்க வெள்ளை. ஃபுமிகோ அதைத் தட்டிவிட வந்தாள். அவர் நிற்கவில்லை. டிக்கியை மூடினார், கன்று ஈன்று எழுந்து நிற்கும் பசுவைத் தட்டிக்கொடுப்பது போல, அதன் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.