ஜப்பான் டெக்னாலஜி ஹீட்டர்

பெட்டியில் ‘ஜப்பான் டெக்னாலஜி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் போதும், எதையும் வாங்கிவிடும் முட்டாள் நான். கும்பகோணம் நடைபாதையில், வாளியில் போட்டு வெந்நீர் காய்ச்சும் ஹீட்டரையும் அப்படித்தான் வாங்கினேன்.

வலங்கைமான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒடிசலான பெரியவர். அந்தப் புழுக்கத்திலும் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். கையில் கிடைப்பதையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. தன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து அடியில் படித்தார். பிறகு கேட்காமலே என் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார்.

“செஞ்ச கம்பெனி பேரே இல்லையே தம்பி.”

“ஜப்பான்னு போட்டிருக்கே சார்.”

“ஜப்பான்ல என் பையன் வீட்ல கொஞ்ச நாள் இருந்தேன். அங்க மண்ணெண்ணெய்ல எரியிற பழைய ரூம் ஹீட்டர் ஒண்ணுல விஷப்புகை கசியலாம்னு கம்பெனிக்காரங்களே வாசலுக்கு வந்து, குனிஞ்சு மன்னிப்புக் கேட்டு, எடுத்துட்டுப் போனாங்க. அது யாரையும் ஒண்ணும் பண்ணலை.”

“நம்மூர்ல வந்தா ஹீட்டரை வச்சிட்டு நம்மளத் தூக்கிட்டுப் போவாங்க சார்.”

என் ஜோக்குக்கு நான் மட்டும் சிரித்தேன். அவர் பெட்டியைத் திறந்து பிளக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இதே மாதிரி ஒண்ணு நானும் வாங்கினேன். வாளித் தண்ணில கரண்ட் இறங்கிருச்சு. உங்க வீட்ல காலைல யாரு முதல்ல வாளில கை வைப்பாங்க?”

“சம்சாரம்தான் சார். நான் குளிக்கிறதே பெரிய விஷயம்.”

“எங்க வீட்லயும் அவதான் வச்சா.”