பச்சை வயருக்கு ஒரு வக்காலத்து

எர்த்து போடுகிற தொழிலில் ஒரு கொடுமை உண்டு. நாம் ஒழுங்காகச் செய்தால் வீட்டில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு எவன் மதிப்புக் கொடுப்பான்? வயரைப் பிடித்து வயிறெரிகிற என் இனத்தாரே, ஏழாயிரம்பண்ணையில் ஒரே வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனி போர்மேன். அவர் மனைவி மாரியம்மாளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை.

உப்பும் கரியும்

புது வீடு. கொல்லையில் குழி தோண்டி, குழாயை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடினேன். நம்ம ஊர் வெயிலுக்கு மண் காய்ந்து போனால் எர்த்து இருந்தும் பிரயோஜனம் இல்லை. "கோடையில அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. போர்த் தண்ணி உப்பா இருந்தாலும் பரவால்ல" என்றேன்.

போர்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உப்பையும் போட்டு, உப்புத் தண்ணியும் ஊத்தணுமா? எர்த்து போடுதீகளா, ஊறுகா போடுதீகளா அண்ணாச்சி?"

கொடிக்கம்பி

போர் மோட்டார் கொல்லையின் கடைசியில். மண்ணுக்குள் போகிற கேபிள், நாளைக்கு யாராவது கடப்பாரை போட்டால் தாங்கவேண்டும் அல்லவா? அதற்குத்தான் மேலே இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர் கேபிளாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அடப்பாவி, மேல்தோலைக் கிழித்துக் கம்பியை எல்லாம் உருவிவிட்டார் போர்மேன்! முறுக்கி, இரண்டு தூணுக்கு நடுவே துணிக்கொடி கட்டியாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதுகுக்குப் பின்னால் கேட்டது: "நல்ல கம்பியை மண்ணுல புதைச்சுத் துருப்பிடிக்க விடச் சொல்றீகளே, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

ரப்பர் செருப்பு

நான் விட்ட வேலையை ஒரு மைக்செட்காரர் முடித்துக் கொடுத்திருக்கிறார். மோட்டார் இரண்டு வயரிலேயே ஓடும் என்று எர்த்துக்கான பச்சை வயரைச் சுருட்டி வைத்துவிட்டாராம். ஓடும்தான், யார் இல்லை என்றது? கொஞ்ச நாளில் போர்மேனிடமிருந்து மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால், பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்: மோட்டார் குழாயைத் தொட்டால் மாரியம்மாளுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. ஒரு தடவை குடத்தோடு தூக்கி எறிந்திருக்கிறது. உயிர் போயிருக்குமே அண்ணாச்சி, இப்பவே கேபிளை மாத்துவோம் என்று கத்தினேன்.

"அதுக்குக் கூப்பிடல. ஃபேன் சத்தம் போடுது, அதைப் பாருங்க. அவளுக்குத்தான் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்துட்டேன்ல!"

செம்புத் தகடு

அடுத்த வாரம் அவர் கம்பெனி ஆபீசிலேயே எனக்கு ஒரு வேலை. காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்து நின்றது. பட்டாசு மருந்து அறை வாசலில் எர்த்து கொடுத்த செம்புத் தகடு ஒன்று உண்டு. உடம்பில் இருக்கிற கரண்டு இறங்கட்டும் என்று, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு பொறி போதும், மருந்து பிடித்துக்கொள்ளும். நம்ம போர்மேன் அங்கே நின்று, "ஏலே, தகட்டைத் தொடாம ஒருத்தனும் உள்ள காலை வைக்கக் கூடாது!" என்று உறுமிக்கொண்டிருந்தார். எர்த்தின் அருமை தெரியாத ஆள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! தெரிந்தே செய்த அநியாயம் இது.

வரிசையில் மாரியம்மாள் முறை வந்தது. தகட்டில் உள்ளங்கையை வைத்தவள் எடுக்கவில்லை. பின்னால் வரிசை அப்படியே நின்றது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இங்கன மருந்து பத்திரமா இருக்க எர்த்து வேணும்கீக. வீட்டுல நான் பத்திரமா இருக்க வேண்டாமா? அதைச் சொல்லுங்க, கையை எடுக்கேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பச்சை வயரும் புது ஆர்மர் கேபிளும் மண்ணுக்குள் இறங்கிவிட்டதால் சொல்கிறேன்: மருந்துக்குப் பயப்படுகிற ஊரில், பொண்டாட்டிக்கும் கொஞ்சம் பயந்தால்தான் எர்த்து ஒழுங்காக வேலை செய்யும்.