ஈரக்கையின் மோதிர விரல்

நான் ஊரை விட்டுப் புறப்பட்ட திங்கட்கிழமைதான் ஈரக்கையின் வங்கிக் கணக்கில், பெண்களுக்கு மாதாமாதம் தரும் அரசாங்கப் பணம் முதன்முதலாக ஏறியது. வழியனுப்ப வந்த மாமா என் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சும்மா வரும் காசு ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிடும் என்று பேருந்து கிளம்பும்வரை பிரசங்கம் செய்தார். தன் அப்பா விட்டுப்போன செங்கல் சூளையில் நாற்காலி போட்டு உட்காருவதைத் தவிர வேறு வேலை அறியாத மனிதர்.

ஈரக்கை அந்தச் சூளையில் மண்ணை அச்சிலிட்டுக் கல் அறுப்பவள். கையில் களிமண் ஈரம் காய்ந்து யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். பருவம் தொடங்கும்போது மாமா முன்பணம் கொடுப்பார். வாங்கிய குடும்பம் மழை வரும்வரை நகரக் கூடாது. பிள்ளைகளும் ஈரக் கல்லைத் திருப்பிப் போட வேண்டும். இதற்கு மாமா வைத்த பெயர் உதவி. இந்த உதவியால் ஈரக்கையின் மகள் வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கூடமே போனதில்லை.

இந்த முறை முன்பணம் வேண்டாம், மகள் படிக்கட்டும் என்று ஈரக்கை சொல்லிவிட்டாள். ஆனால் மளிகைக் கடையில் இருந்த பணம் எடுக்கும் இயந்திரம் அவள் கைரேகையை ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். மண்ணும் மணலும் எல்லாவற்றையும் வழவழப்பாக்கி வைத்திருந்தன. இதை மாமா எனக்குத் தொலைபேசியில் நகைச்சுவையாகச் சொன்னார். பெருந்தன்மையோடு ஒரு வழியும் காட்டினாராம்: கணக்கில் அத்தையின் ரேகையைப் பதிந்துவிடலாம், அவள் விரலில் ரேகை பளிச்சென்று இருக்கிறது. இருக்காதா பின்னே? ஒரு பாத்திரமாவது கழுவியிருந்தால்தானே தேயும்.

ஈரக்கை அதற்குப் பிறகு மண்ணைத் தொடவில்லை. கணவன் சந்தையில் மூட்டை தூக்கி அரை வயிற்றுக்குக் கொண்டுவந்தான். சமையலும் அவனே. அவள் விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தெருவே மகாராணி என்று சிரித்தது. மாமா வண்டியை நிறுத்தி விசாரித்தார்.

“என்னம்மா, கைக்கு லீவா?”

“ஆமா முதலாளி. வேலை செஞ்சா நான் யாருன்னே மிஷினுக்குத் தெரியலையாம்.”

தோல் மெல்ல வளர்ந்தது. ஒருநாள் இடது கை மோதிர விரலை இயந்திரம் ஒப்புக்கொண்டது. சேர்ந்து கிடந்த பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. பிறகு சூளைக்குத் தினக்கூலியாக மட்டுமே போனாள், அந்த ஒரு விரலில் துணி சுற்றிக்கொண்டு. அடுத்த பருவத்தில் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு விரலைச் சுற்றிக்கொண்டார்கள். விரலுக்குத் தலைப்பாகை கட்டித் தன்னை அவமானப்படுத்துகிறார்கள் என்று மாமா புலம்பினார். அறுத்த கல்லில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வருடங்கள் கழித்து, வேறொரு நாட்டில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஈரக்கையின் குரல் செய்தி வந்தது.

“பாப்பா, உங்க மாமா நேத்து முன்பணத்தோட வீட்டுக்கே வந்துட்டாரு. ஆள் கிடைக்கலையாம். வெளியவே நிக்க வச்சுத்தான் பேசினேன். உள்ள பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது, கொஞ்சம் மெதுவாப் பேசுங்கன்னேன். மெதுவாத்தான் பேசினாரு.”