வெள்ளை ஓரத் தோதான்

தொகுஜி மாதிரி ஒரு பிடிவாதக்காரரை ஆங்யோ ஊர் நாற்றுப்பண்ணைகளில் தேடினாலும் கிடைக்காது. ஊரே வேலிக்கு வைக்கிற தோதான் புதர் ஒன்றில், இலையோரம் வெளுத்த ஒரு சுள்ளி அவர் கண்ணில் பட்டது. அதை வேர்பிடிக்க வைத்து, பதினோரு வருஷம் பிள்ளையாக வளர்த்தார். இலையுதிர் காலத்தில் இலையின் நடு ரத்தச் சிவப்பாகும், ஓரம் வெளிர் ரோஜா நிறமாகும். அதிலிருந்து எடுத்த பதியன் ஒன்றும் பிழைக்காததால் அது ஒரே செடியாகவே நின்றது.

இந்த வசந்தத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமே செடியின் தூரிலிருந்து முழுப் பச்சையாக ஒரு தளிர் கிளம்பியது. வெட்டாமல் விட்டால் பச்சை வெள்ளையை விழுங்கிவிடும். முப்பத்தெட்டு வருஷம் அவர் பண்ணையில் களை பிடுங்கிய மனைவி ஷிகெனோவுக்கு இது தெரியாதா என்ன?

கத்தரிதான் பிரச்சினை. அவர் கத்தரி கொட்டகை ஆணியில் தொங்கியது. வேறு இரும்பு அந்தச் செடியில் பட அவர் விட்டதில்லை. அந்த வீட்டில் ஒருவர் கத்தரி அடுத்தவர் கைக்கு வருவது அவர் செத்த பிறகுதான். அவர் அப்பாவுடையதும் அப்படித்தான் வந்தது. அதை எடுத்தால் அவர் திரும்ப மாட்டார் என்று தானே சொன்னதாகிவிடும் என்று ஷிகெனோ பயந்தாள்.

பக்கத்துப் பண்ணை மொரியா தன் கத்தரியோடு வந்தான்.

"ஒரே வெட்டு அண்ணி. திட்டுறதுன்னா அண்ணன் என்னைத் திட்டட்டும்."

"அவர் வந்து வெட்டிக்குவார்."

கோடை முழுக்கப் பச்சை ஏறியது. நிழலில் வெள்ளைக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஆஸ்பத்திரியில் அவர் குழறிக் குழறிச் செடியை விசாரிக்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். பொய் சொல்ல அவளுக்குக் கூசியது.

நவம்பரில் இலையின் நிறம் பார்க்க வீட்டுக்கு வர ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அனுமதி கிடைத்தது. மொரியா சக்கர நாற்காலியைத் தள்ளிவந்தான். செடி உச்சிவரை சிவந்திருந்தது. ஊர் வேலிகளில் இருக்கிற அதே சிவப்பு. வெளிர் ஓரம் ஒரு இலையில்கூட இல்லை.

தொகுஜி வெகுநேரம் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் இடது கையைக் காட்டினார். மொரியா கத்தரியை ஆணியிலிருந்து எடுத்துவந்து அவர் மடியில் வைத்தான். அவர் வலது விரல்கள் பிடிமேல் கிடந்தன, மூடவில்லை.

"நீ வெட்டியிருக்கலாமே," என்றார், வார்த்தை வார்த்தையாக.

"உங்க கத்தரியாச்சே."

அவர் இடது கையால் அதைத் தூக்கி, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். ஷிகெனோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் நீட்டிய கையை இறக்கவில்லை. கடைசியில் அவள் வாங்கிக்கொண்டாள்.